மலைப் பக்கத்துக் காது

எனக்கு இடது காது அடைத்துக்கொண்டதால்தான் அந்தத் தப்பு கண்ணில் பட்டது. சில நாளாகவே ஜலதோஷம். அன்று காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டதும் இடது பக்கம் மொத்தமாக மூடிக்கொண்டது. தெருவில் போகிற வண்டிச் சத்தம்கூட யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. ஆபீஸில் தனியாக இருந்தேன், எரிச்சலாக இருந்தது. அடைத்த காதை நம் மிஷின் கண்டுபிடிக்கிறதா, பார்ப்போம் என்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் மிஷின் என்பது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற ஒரு சின்னப் பெட்டி. அதைக் கணினியில் செருகி ஹெட்போனை மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒரு கூவல் வரும். வர வர மெலிந்துகொண்டே போகும். கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். கடைசியில் வலது காதுக்கு ஒரு கோடு, இடது காதுக்கு ஒரு கோடு என்று தாளில் அச்சாகி வரும். பெட்டியைச் செய்கிறவன் என் கூட்டாளி, கல்லூரியில் என்னோடு படித்தவன். கணினிக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்று 'இந்தச் சத்தத்தை இந்தக் காதுக்கு அனுப்பு' என்று சொல்கிற நிரலை எழுதுவது நான். அதற்கு டிரைவர் என்று பெயர். 'நான் டிரைவர் எழுதுகிறேன்' என்று ஒரு முறை என் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அது என்ன என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சோதனை முடிந்து தாள் வந்தது. இடது காது பிரமாதமாகக் கேட்கிறதாம். வலது காதுதான் மந்தமாம்.

முதலில் சிரித்தேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டியிருப்பேன் என்று நினைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் கைக்கு வந்தபடி எடுத்து மாட்டுகிற ஆட்கள். எங்களுக்கு இரண்டு காதும் ஒன்று போலக் கேட்பதால் பக்கம் மாறினாலும் ஒன்றும் தெரியாது. கழற்றிப் பார்த்தேன். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சிவப்பு என் வலது காதில்தான் இருந்திருக்கிறது. மறுபடி மாட்டி மறுபடி சோதித்தேன். மறுபடியும் அதே தாள்.

அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. இதே மிஷின் அச்சடித்த ஒரு தாளை நம்பி, டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் என் கூட்டாளியின் அக்காவுக்கு அன்றைக்குக் காதில் ஆபரேஷன்.

அவன் தன் அக்காவை ஆபா என்பான். நானும் ஆபா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கடைத் தெருவில் அவர்கள் குடும்பத்துக்குத் தாத்தா காலத்திலிருந்து துணிக்கடை. கடையின் பின்பக்கம் உட்கார்ந்து ஆபா பர்தாவும் ஜாக்கெட்டும் தைப்பார். கை இரண்டும் துணியில் இருக்கும் என்பதால் போனை முக்காட்டுக்குள் காதோடு சேர்த்துச் செருகிக்கொள்வார். தையல் மிஷினை மிதித்தபடியே வாணியம்பாடியில் இருக்கிற சின்னம்மா வரைக்கும் பேசி முடித்துவிடுவார். கொஞ்ச காலமாக அந்தப் பேச்சில் 'இன்னா? இன்னா சொன்ன?' என்பது ஜாஸ்தியாகிக்கொண்டே வந்தது. டாக்டரிடம் போனதில், காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு இறுகிப்போய்விட்டது என்றார்கள். இரண்டு காதிலும் இருந்தது, ஒன்றில் ஜாஸ்தி, ஒன்றில் கம்மி.

ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். ஆனால் அபூர்வமாக ஒருவருக்கு, கை வைத்த காது அடியோடு போய்விடுவதும் உண்டு. அதனால் டாக்டர்கள் முதலில் மோசமான காதில்தான் செய்வார்கள். நல்ல காதைக் கையிருப்பாக விட்டுவைப்பார்கள். ஆபாவுக்கு எது மோசமான காது என்று சொன்னது எங்கள் மிஷின். ஆஸ்பத்திரியின் பழைய மிஷின் ரிப்பேரில் இருந்தது. பயன்படுத்திப் பார்க்கட்டும், பிடித்தால் வைத்துக்கொள்ளட்டும் என்று எங்கள் பெட்டி ஒன்றை அங்கே கொடுத்திருந்தோம். அதுதான் எங்கள் கைவிட்டு வெளியே போன முதல் பெட்டி. ஆபாவின் தாளில் இடது காது மோசம் என்று வந்திருந்தது. பக்கம் மாறித்தான் வந்திருக்கிறது என்றால், அவர்கள் கை வைக்கப்போவது ஆபாவின் நல்ல காதில்.

ஆஸ்பத்திரியில் ஆபாவோடு இருந்த கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"சொல்லுப்பா" என்றான்.

"ஆபாவ உள்ள கூட்டினு போயிட்டாங்களா?"

"ரெடி பண்ணினு இருக்காங்க. முன்னாடி ஒரு கேஸ் ஓடுது, அது முடிஞ்சதும் நம்மளுதான். ஏன்?"

"நிறுத்தச் சொல்லுடா. மிஷின்ல லெஃப்ட்டும் ரைட்டும் மாறி வருது. என் காதுலயே பார்த்துட்டேன்."

பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது கேட்டது.

"நல்லா பார்த்தியா?"

"பார்த்தேன்டா. நின்னுனு பேசாத, போய்ச் சொல்லு."

போனை வைத்துவிட்டு நிரலைத் திறந்தேன். எங்கே மாறியிருக்கும் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. சமீபத்தில் நான் கை வைத்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

ஆரம்பத்தில் எங்கள் ஆபீஸ் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு மாடி அறையில் இருந்தது. கீழே வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து இஞ்சி டீ குடிக்கிற கடை. ஒரே மேஜைதான். எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை செய்வோம். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தலை இருக்கும். துணிக்கடையில் முக்காடு மாட்டி வைக்கிற தலை, ஆபா கொடுத்தது. அதற்குத்தான் ஹெட்போனை மாட்டி, கூட்டாளி ஈயத்தை உருக்கி ஒயர் பத்தவைப்பான். எதிரெதிரே உட்கார்ந்தால் அவனுடைய வலது எனக்கு இடது. "லெஃப்ட்டுல வருதா?" என்று அவன் கேட்பான். "எந்த லெஃப்ட்டு? உன்னுதா, என்னுதா, தலையோடதா?" என்று நான் எரிந்து விழுவேன். தினமும் இதே ரகளை. கடைசியில் அவன்தான் வழி கண்டுபிடித்தான்.

"மலைப் பக்கம், ரோட்டுப் பக்கம்னு வெச்சிக்கலாம்பா."

இந்த ஊரில் வழி கேட்கிறவர்களுக்கு நாம் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். அறையின் ஒரு சன்னலில் மலை, மறு சன்னலில் பஸ் போகிற ரோடு. சண்டை அன்றோடு நின்றது. நிரலில் இரண்டு காதுக்கும் சத்தம் போகிற வழிகளுக்குத் தனித்தனியாகப் பெயர் வைக்க வேண்டும், பாடப் புத்தகத்தில் அதை 'மாறி' என்பார்கள். ஒன்றுக்கு 'மலை', இன்னொன்றுக்கு 'ரோடு' என்றே பெயர் வைத்துவிட்டேன். அந்த அறையில் பிளாஸ்டிக் தலையின் வலது காது மலைப் பக்கம் இருந்தது. ஆக, மலை என்றால் வலது காது.

பிறகு வேங்கிக்காலுக்கு வந்துவிட்டோம். கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு கீழ் போர்ஷன். அதே மேஜை, அதே பிளாஸ்டிக் தலை, சன்னலில் அதே மலை. ஆஸ்பத்திரிக்குப் பெட்டி போன பிறகு, நாளைக்கு யாராவது பெரிய ஆள் நிரலைத் திறந்து பார்த்து 'மலை, ரோடு' என்று இருந்தால் சிரிப்பானே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் உட்கார்ந்து பெயர்களை ஒழுங்காக வலது, இடது என்று மாற்றினேன். மலை எந்தக் காது என்று நிமிர்ந்து தலையைப் பார்த்தேன். மலைப் பக்கம் இருந்தது இடது காது. அப்படியே எழுதினேன். நாங்கள்தான் ஊரின் இன்னொரு மூலைக்கு வந்துவிட்டோம், இங்கே மலை தலையின் மறு பக்கத்தில் இருக்கிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை. மலையை மாறாத அடையாளம் என்று நம்புகிறவள் இந்த ஊர்க்காரியாகத்தான் இருக்க முடியும்.

அந்த வரியைப் பார்த்ததும் என் கன்னத்தில் நானே ஒன்று விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன். திருத்தம் என்று பார்த்தால் அவ்வளவுதான். மறுபடி ஹெட்போனை மாட்டிச் சோதித்தேன். இடது காது மந்தம் என்று வந்தது. அப்பாடா என்று கணினியைப் பையில் வைக்கப் போனேன், ஆஸ்பத்திரிக்கு நேரில் போய்க் காட்டிவிடலாம் என்று.

நான் சோதித்தது செங்கம் ரோட்டில் செய்த பழைய பெட்டி. மேஜையில் இன்னொன்றும் இருந்தது. வேங்கிக்காலுக்கு வந்த பின் கூட்டாளி இரண்டு பெட்டி செய்தான், ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போனது, அதன் ஜோடி இது. ஆஸ்பத்திரியில் இருப்பது மாதிரியே இருக்கட்டும், இதையும் எடுத்துப் போவோம் என்று அதைச் செருகி ஒரு தரம் பார்த்தேன்.

வலது காது மந்தம் என்றது.

நிரலைத் திருத்திவிட்டேனே! ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பிறகு ஹெட்போனின் நீலப் பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒயர் பத்தவைத்த இடத்தில், அவன் வழக்கப்படி, பேனாவால் குட்டியாக 'ம' என்று எழுதியிருந்தான். ம என்றால் மலை. அவனும் என்னைப் போலவே இந்த மேஜையில் உட்கார்ந்து, நிமிர்ந்து தலையைப் பார்த்து, மலைப் பக்கம் இருந்த காதில் மலை ஒயரைப் பத்தவைத்திருக்கிறான். ஒரே மலை எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கவிழ்த்திருந்தது.

அவன் தப்பும் என் தப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் சரியாகிவிடும், ஒன்றை இன்னொன்று அடித்துவிடும். ஆபாவைச் சோதித்த அன்று ஆஸ்பத்திரிக் கணினியில் நான் பெயர் மாற்றிய நிரல் இருந்திருந்தால், அந்தத் தாள் சரிதான். சரியாக நடக்க இருந்த ஆபரேஷனை நான் போன் போட்டுக் கெடுத்துவிட்டேன். பழைய நிரல் இருந்திருந்தால், தாள் தப்பு. எது இருந்தது? புது நிரலை நான் இணையம் வழியாக அனுப்பியிருந்தேன். அந்தக் கணினி எப்போது இணையத்தோடு சேர்கிறதோ அப்போது தானாக எடுத்துக்கொள்ளும். ஆபாவைச் சோதித்ததும் அதே நாட்களில்தான். எது முந்தி, எது பிந்தி என்று சொல்ல என்னிடம் ஒரு தடயமும் இல்லை.

கூட்டாளிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு டாக்டர் இந்நேரம் வலது காதைக் கையில் எடுத்திருந்தால்? இரண்டு ஹெட்போனையும் கணினியையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

அன்று பார்த்துப் பௌர்ணமி, மலையைச் சுற்றக் கிரிவலக் கூட்டம். வேலூர் ரோட்டில் தற்காலிகப் பஸ் ஸ்டாண்ட் போட்டு, வெளியூர்ப் பஸ்களை எல்லாம் அங்கேயே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இறங்கின ஜனம் பையும் தண்ணீர் பாட்டிலுமாக ரோடு முழுக்க நடந்தது. ஒரு தடுப்பில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். "ஆஸ்பத்திரி சார், ஆபரேஷன்" என்று கத்தினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார். ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல் வலித்தது. யாரும் நகரவில்லை. மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி நடு ரோட்டில் நிற்கிறவரிடம் போய் என்ன சொல்வது? அன்றைக்கு அந்த மலை மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல.

வழி நெடுக ஒரே ஒரு காட்சியை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்துக்கொண்டே போனேன். ஆபா தைக்கிறார், முக்காட்டுக்குள் போன் புடைத்துக்கொண்டு இருக்கிறது. எந்தப் பக்கம்? கேட்கிற காதில்தானே செருகியிருப்பார். எத்தனையோ தடவை எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஊசி தெரிந்தது, துணியின் நிறம் தெரிந்தது, போன் மட்டும் ஒரு தடவை இடது பக்கம் தெரிந்தது, ஒரு தடவை வலது பக்கம் தெரிந்தது.

ஆஸ்பத்திரி மாடியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே கூட்டாளி நின்றுகொண்டிருந்தான். போனை வெளியே வாங்கி வைத்துவிட்டார்களாம்.

"சொல்லிட்டேன். டாக்டரம்மா செம கோவத்துல இருக்காங்க. அப்போ ரைட்டுல பண்ணிடலாமான்னு கேட்டாங்க. நீ வர்ற வரைக்கும் இருங்கனு கெஞ்சி நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றான்.

"ரைட்டுல பண்ணச் சொல்லாத."

"இன்னா?"

"உன் ஒயரும் மாறிக்கீது. நீயும் மலைப் பக்கத்தப் பார்த்துதான் பத்தவெச்சிருக்க."

அவனுக்குப் புரிய ஒரு கணம்தான் ஆயிற்று.

"நீ எப்போ பேரை மாத்தின? என்கிட்ட சொன்னியா?"

"நீ ஒயர் பத்தவெச்சத என்கிட்ட காட்டினியா?"

"மெதுவாப் பேசு."

"எனக்குக் காது அடைச்சிருக்குதுடா, மெதுவால்லாம் பேச வராது!"

கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"புரோகிராம் எழுதினது நீதானாம்மா? எந்தக் காதுன்னு சொல்லு."

எத்தனையோ பேரிடம் எங்கள் மிஷினைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"தெரியல மேடம்."

"தெரியலையா?"

"ரெண்டு இடத்துல தப்பு இருக்குது மேடம். ரெண்டும் சேர்ந்திருந்தா சீட்டு சரி. ஒண்ணு மட்டும் இருந்திருந்தா தப்பு. அன்னிக்கு எது இருந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"நான் சீட்ட மட்டும் நம்பல. ஃபோர்க் வெச்சும் பார்த்தேன்" என்றார். தட்டினால் அதிர்கிற இரும்புக் கவை அது. நெற்றியில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று நோயாளியிடமே கேட்பார்கள்; எலும்பு இறுகிய மோசமான காதில்தான் அந்த அதிர்வு தூக்கலாகக் கேட்குமாம். "அப்பவும் உங்க அக்கா லெஃப்ட்டுனுதான் சொன்னாங்க. சீட்டோட ஒத்துப்போச்சு. அதனாலதான் லெஃப்ட்டுக்கு டேட் கொடுத்தேன்."

கூட்டாளி முந்திக்கொண்டான். "அப்போ சீட்டு சரிதான். பண்ணிடலாம் மேடம்."

நியாயமாக எனக்கும் அப்போதே நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த முக்காட்டுப் போன் இன்னும் என் கண்ணுக்குள் பக்கம் மாறிக்கொண்டே இருந்தது.

"மேடம், நான் ஆபாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்" என்றேன். உள்ளே பெண்கள் இருந்ததால் அவனை விடவில்லை. "நீ மட்டும் போ. சீக்கிரம் வா" என்றார் டாக்டரம்மா.

ஆபா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முக்காடு இல்லாமல், பச்சைத் தொப்பியோடு அவரைப் பார்க்க யாரோ போல இருந்தது. இடது காதுக்குக் கீழே பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

"இன்னா கண்ணு, இப்படி வேர்த்து ஊத்துது? வெயில்லயா வந்த?"

"ஆபா, உங்களுக்கு எந்தக் காது மோசம்?"

"அதான் சீட்டுல போட்டிருக்குதே."

"சீட்ட வுடுங்க. உங்களுக்கு எப்படி இருக்குது? நீங்க சொல்லுங்க."

"சீட்டுல இருக்கறதுதான் எனக்கும். இதக் கேக்கவா ஓடியாந்த?"

பதில் பட்டென்று வந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. வாடிக்கையாளர் அளவு எழுதிக் கொடுத்தாலும் நம்பாமல், இழுத்து நிறுத்தி இன்னொரு தரம் டேப் வைத்துப் பார்க்கிற மனுஷி. ஒரு தாள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆள் இல்லை.

"சரி ஆபா. தைக்கும்போது போனை எந்தப் பக்கம் சொருகுவீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் கை எழுந்துவிட்டது. இடது காதுக்குப் போய், தொப்பியின் ஓரத்தைத் தொட்டு, அங்கேயே நின்றது. குறி போட்டிருந்த அதே காது. நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ வலதுதான் மோசம். இடதுலதான் நல்லா கேக்குது. இல்லையா ஆபா?"

ஆபா கதவுப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இதச் சொன்னா மிஷினை வேணாம்னுடுவாங்களா?"

"மிஷினாவது மண்ணாங்கட்டியாவது!" என்று கத்திவிட்டேன். நர்ஸ் ஓடி வந்து என்னைத் திட்டினார். எனக்கு ஆபா மேல் கோபமா, எங்கள் மேல் கோபமா என்றே தெரியவில்லை.

டாக்டரம்மா வந்து மறுபடி அந்தக் கவையைத் தட்டி ஆபாவின் நெற்றியில் வைத்தார். "இந்தத் தடவை உண்மையச் சொல்லுங்க. சத்தம் எந்தப் பக்கம் கேக்குது?" ஆபா கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கத்தைக் காட்டினார். போன தடவை ஏன் இடது என்று சொன்னீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "மிஷின்ல இடதுன்னு வந்திருந்துச்சுங்களே, அதான்" என்றார் ஆபா. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, வேறு ஒரு இடத்தில், வேறு மிஷினில் சோதித்து வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார். எங்களைப் பார்த்து, "உங்க பெட்டியக் கையோட எடுத்துக்கினு போயிடுங்க" என்றார்.

வேறு இடத்தில் சோதித்ததில் வலது காதுதான் மோசம் என்று வந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கின பிறகுதான் கூட்டாளி படியில் உட்கார்ந்து அழுதான். வாயை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் அழுதான். நான் பக்கத்தில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபாவை வீட்டில் விட்டுவிடலாம் என்றால் அவர் கேட்கவில்லை.

"உங்க ஆபீஸுக்கே வுடு. அத நீங்க சரி பண்றத நான் பாக்கணும்."

அவர்கள் ஆட்டோவில் வந்தார்கள், மடியில் பெட்டியோடு. நான் வண்டியில் பின்னாலேயே வந்தேன்.

ஆபீஸுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த பிளாஸ்டிக் தலையைத் தூக்கி அலமாரிக்கு மேல் வைத்தது. நிரலில் இருந்த வலது, இடது இரண்டையும் அழித்துவிட்டு, 'நோயாளியின் வலக்காது', 'நோயாளியின் இடக்காது' என்று நீளமாக, யார் சிரித்தாலும் பரவாயில்லை என்று எழுதினேன். தாளின் அடியில் நிரலின் பதிப்பு அச்சாகும்படி செய்தேன். கூட்டாளி புது ஹெட்போன்கள் இரண்டிலும் ஒயரை எடுத்துவிட்டு மாற்றிப் பத்தவைத்தான். இந்தத் தடவை அவன் பத்தவைத்ததை நான் பார்த்தேன், நான் எழுதினதை அவன் பார்த்தான்.

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். என் காதை நம்ப முடியாது, சாயங்காலத்துக்குள் அடைப்பு பாதி விட்டிருந்தது. ஆபா முக்காட்டை ஒதுக்கிவிட்டு, "கொடு இங்க" என்று ஹெட்போனை வாங்கினார். சிவப்பு எந்தப் பக்கம் என்று அவரே ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து மாட்டிக்கொண்டார். பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் மாதிரி நேராக உட்கார்ந்தார். சன்னலுக்கு வெளியே ஜனம் கோயில் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. தாள் வந்தது. வலது காது மோசம், இடது காது பரவாயில்லை. வேறு இடத்தில் சோதித்து வாங்கி வந்த தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கோடுகள் ஒத்துப்போயின. இன்னொரு பெட்டியிலும் பார்த்தோம். அதிலும் அதே.

கூட்டாளி டீ வாங்கப் போனான். நான் ஆபாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்தே கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏன் ஆபா அப்படிப் பண்ணீங்க? அந்தக் காது போயிருந்தா?"

ஆபா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டார்.

"மொத மொத வெளிய போன பெட்டி. டாக்டர் எதிர்ல நானே தப்புன்னு சொன்னா, அப்புறம் யார் வாங்குவாங்க?" என்றார். பிறகு, அளவு சொல்கிற அதே குரலில் சொன்னார். "எனக்கு ஒரு காது போனா இன்னொண்ணு கீது. உங்களுக்கு இருக்கறது இந்த மிஷின் ஒண்ணுதானே."

நான் என்னவோ சொன்னேன், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இன்னா? இன்னா சொன்ன?" என்று ஆபா என் பக்கம் தலையைத் திருப்பினார். நான் அவருடைய வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் இடது பக்கம் போட்டேன், அவருக்குக் கேட்கிற பக்கம். அவர் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.